சந்தேகத்தின் பேரில் நாற்பது புழுக்கள்

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் மாசிலாமணி அறுபது வயதில் சீடரானார். குரு பூங்காவனத்துக்கு முப்பத்து நான்கு. செய்யாறு பக்கத்தில் மருந்தே அடிக்காமல் காய்கறி விளைவிக்கிற பெண்.

அவள் நிலத்துக்குப் பக்கத்திலேயே மாசிலாமணி கொஞ்சம் நிலம் வாங்கி அவரைக்கொடி போட்டிருந்தார். வேலூரில் இருந்த மனைவி ரேணுகா ஏற்கெனவே கெடு வைத்திருந்தாள்.

"பொங்கல் கூட்டுக்கு உங்க கொல்லையில விளைஞ்ச அவரைக்காய் வரணும். வரலைன்னா நிலத்தை வித்துட்டு வேலூருக்கே வந்து சேருங்க."

பொங்கலுக்கு இன்னும் நாலு வாரம். மார்கழிப் பனியில் அவரைக் கொழுந்தெல்லாம் அசுவினி அப்பிக்கொண்டது. சாறு உறிஞ்சும் கருப்புப் பேன். பூவெல்லாம் வாடி உதிர்ந்தது.

ஒரு காலை, பாட்டிலும் கையுமாகக் குருவிடம் ஓடிவந்தார்.

"அம்மா, ஆளைப் புடிச்சுட்டேன்!"

உள்ளே நாற்பது புழுக்கள். கரிய உடம்பு, முள் முள்ளாய் முதுகு, ஆரஞ்சுப் புள்ளிகள். மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டிருந்தார். சட்டத்தை மீறாத மனிதர்.

"இதுங்க என்ன செஞ்சுது சார்?"

"சம்பவ இடத்துல திரிஞ்சுதுங்க. மூஞ்சியப் பாருங்களேன், திருட்டு முழி!"

குரு அசுவினி மொய்த்த கொழுந்து ஒன்றை ஒடித்துப் பாட்டிலுக்குள் போட்டாள்.

"களை எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் காவல் இருங்க."

அது அவருக்குத் தெரிந்த வேலை. வைத்த கண் வாங்காமல் உட்கார்ந்திருந்தார்.

குரு திரும்பி வந்தபோது கொழுந்தில் ஒரு பேன்கூட இல்லை. மாசிலாமணி பேயறைந்தவர்போல் இருந்தார்.

"தின்னுட்டுதுங்கம்மா. அத்தனையும்!"

"பொறிவண்டோட பிள்ளைங்க சார். வளர்ந்தா சிவப்புச் சட்டை போட்டுக்கும்."

"ஐயையோ! நம்ம டிபார்ட்மெண்ட் ஆளுங்களையா உள்ள போட்டேன்!"

தலைதெறிக்க ஓடினார். வழியில் துண்டு விழுந்தது, எடுக்கவில்லை. கொடிக்கொரு புழுவாக இறக்கிவிட்டு, ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டார். ஆள் நடமாட்டம் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

போகிக்கு மறுநாள் பொங்கல். போகியன்று ரேணுகா வந்து மடி நிறைய அவரைக்காய் பறித்தாள். ஒரு காயை ஒடித்துப் பார்த்தாள்.

"பரவாயில்லையே," என்றாள்.

முப்பத்தைந்து வருட சர்வீஸில் அப்படியொரு பாராட்டு அவர் வாங்கியதில்லை. குதிக்காத குறைதான். கொல்லையை மூன்று சுற்று சுற்றினார். கடைசிச் சுற்றில், வேலியோரக் கொடியில் பத்துப் பதினைந்து அசுவினி கண்ணில் பட்டது. விரலை நீட்டினார்.

"விடுங்க சார்," என்றாள் பின்னாலேயே வந்த குரு.

"ஏம்மா? இதையும் நசுக்கிட்டா கொல்லை சுத்தமாயிடுமே!"

"ஆயிடும். அப்புறம் உங்க டிபார்ட்மெண்ட் ஆளுங்க சாப்பாட்டுக்கு எந்தக் கொல்லைக்குப் போவாங்க?"