சைக்கிளுக்குப் பக்கத்தில் தூங்கியவள்

பூரணி அம்மைக்கு நாற்பது வயதுதான். அவருடைய சிஷ்யை உமையாள் ஆச்சிக்கு அறுபத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்காமல் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அன்று அம்மையின் ஆசிரமத்துக்கு வந்தவர் வெகுநேரம் வாயே திறக்கவில்லை.

"என்ன ஆச்சி?" என்றார் அம்மை.

"மியூசியத்தை மூடிடலாம்னு இருக்கேன். நாளைக்குச் சாவியைக் குடுத்துடப் போறேன்."

பெண்களின் வரலாற்றுக்கென்று ஒரு அருங்காட்சியகம். அதற்காக ஆச்சி ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. "ஆம்பளைங்களுக்குத் தனியா இருக்கா என்ன?" என்று கேட்டுச் சிரித்தவர்களே அதிகம். கடைசியில் ஒரு பழைய நெல் கிடங்கு கிடைத்தது. மருத்துவச்சியின் கத்தரிக்கோல், அந்த ஊரில் முதன்முதலாகச் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போன பெண்ணின் சைக்கிள் என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கி வைத்தார். வைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

"யாரும் வரலை அம்மை. சாயங்காலம் பூட்டும்போதுதான், இன்னிக்கு யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலையேன்னு தோணுது."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தி வர்றா. பஞ்சவர்ணம்னு பேரு. எதையும் பாக்க மாட்டா. மத்தியானம் வந்து சைக்கிளுக்குப் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டுப் போறா. வீட்டுல தூங்கக் கூடாதான்னு கேட்டேன். அங்க படுத்தா யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களாம். இதுக்கா நான் இத்தனை பாடுபட்டேன்?"

ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மை எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆச்சி பின்னால் போனார்.

கிடங்கு திறந்தே கிடந்தது. பூட்டக்கூட மனமில்லாமல்தான் ஆச்சி வந்திருந்தார். உள்ளே வெறுந்தரையில், கையையே தலைக்கு வைத்துப் பஞ்சவர்ணம் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆச்சி எழுப்பப் போனார். அம்மை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். பஞ்சவர்ணத்தின் கணவர்.

"எங்க வீட்டுக்காரி இங்க இருக்காளா?"

"இருக்காங்க. தூங்குறாங்க," என்றார் அம்மை.

"தூங்குறாளா? இங்கயா?" வந்தவர் திகைத்தார். "வீட்டுல எங்கம்மா காப்பிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. எழுப்பி விடுங்க."

"முடியாதுங்க."

"ஏன்?"

அம்மை சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். 'எதையும் தொடாதீர்கள்' என்று ஆச்சி எழுதி வைத்தது.

அவர் பலகையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பகலில் அவள் தூங்கி அதுவரை பார்த்ததே இல்லையோ என்னவோ, சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

"வேடிக்கை போதும் அம்மை. பொம்பளைங்க சரித்திரத்துக்குன்னு நாயா அலைஞ்சு ஒரு இடம் பிடிச்சேன். இவ தூங்குறதுக்கு வர்றா. இதுல சரித்திரம் எங்க இருக்கு? நான் மூடுறதா, வேண்டாமா? அதையாவது சொல்லுங்க!"

குரல் கிடங்கு முழுக்கக் கேட்டது. பஞ்சவர்ணம் புரண்டு படுத்தாள்.

அம்மை உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா, ஆச்சி. இப்பத்தான் கொஞ்சம் கண்ணசந்திருக்கா."