தேளுக்கு எட்டுக் கால்

"பொறுமை, பொறுமைன்னு மூணு வருசமாச் சொல்றீங்களே சாமி, பொறுமையைக் காய்ச்சிக் குடிக்கவா?"

பூவாயி கையில் அரிவாள் இருந்தது.

மறுநாள் காலையில் ஜமீன் காரியக்காரர் வந்து கீழத்தெரு ஊருணிக்கு வேலி போடப் போகிறார். முதல் முளையை அவர் தன் கையால் அடித்துவிட்டால் போதும், தண்ணீர் ஜமீனுடையது. அதுதான் வழக்கம். கீழத்தெருவுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

தோப்புச்சாமி அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவருக்குத்தான் அவள் சிஷ்யை.

"இதை வச்சு என்ன செய்யப் போறே தாயி?"

"அந்த ஆளை வெட்டப் போறேன்."

"அப்புறம்?"

"ஜமீன்ல இருந்து நூறு பேர் வருவாங்க. தெருவைக் கொளுத்துவாங்க."

"தெரிஞ்சுமா?"

"வேற என்ன செய்ய? சொல்லுங்களேன்!"

 சாமி அரிவாளை வாங்கிக் கீழே வைத்தார். மாமரத்தைக் காட்டினார்.

பட்டை இடுக்கிலிருந்து ஒரு கருந்தேள் இறங்கிக்கொண்டிருந்தது. வழியில் முசுறு எறும்புகளின் சாரை. ஓர் எறும்பு தேளின் காலைக் கவ்வியது. தேள் கொடுக்கை வீசியது. எறும்பு துவண்டது. பிடியை விடவில்லை.

அதற்குள் இன்னொன்று வந்தது. பிறகு பத்து. காலுக்கு இரண்டு மூன்றாகக் கவ்வி, ஒவ்வொன்றும் தன் பக்கம் இழுத்தது. வாலையும் சில பிடித்துக்கொண்டன. தேள் கால் பரப்பி மரத்தோடு கிடந்தது. விஷம் விஷமாகவே இருந்தது.

"எந்த எறும்பு சாமி அதைக் கொன்னுச்சு?"

"இன்னும் சாகலையே. நகர முடியல, அவ்வளவுதான்."

அவள் குனிந்து பார்த்தாள்.

"தேளுக்கு எட்டுக் கால். காரியக்காரருக்கு எத்தனை தாயி?"

"ரெண்டு. இதென்ன கேள்வி?"

"அந்த ரெண்டாலயா உங்க தெருவுக்கு வர்றாரு?"

பூவாயி தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். 

கீழத்தெரு மண்ணில் காரியக்காரர் கால் பட்டால் தீட்டு. எப்போதும் பல்லக்கில்தான் வருவார்; முளை அடிப்பதும் அதில் உட்கார்ந்தபடிதான். தூக்குகிற நால்வரும் அவளுடைய பெரியப்பன் மக்கள். தீட்டு மண்ணுக்குத்தான், சுமக்கிற தோளுக்கு இல்லை.

அரிவாளை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

காலையில் பல்லக்கு வந்தது. கீழத்தெருவின் நட்டநடுவில் நால்வரும் அதை இறக்கி வைத்தார்கள். தள்ளிப் போய் நின்றார்கள். எல்லோருக்கும் இளையவன் சடையன். அவன் கடைசியாகத்தான் நகர்ந்தான்.

"ஏன்டா வச்சீங்க? தூக்குங்கடா!"

யாரும் அசையவில்லை. ஊருணி நாற்பதடி தூரத்தில் தெரிந்தது.

காரியக்காரர் திரையை விலக்கினார். ஒரு காலை வெளியே நீட்டினார். மண்ணைப் பார்த்தார். காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பூவாயி! உன் வேலையா இது?"

"ஆமாங்க."

அவர் நால்வர் பக்கம் திரும்பினார்.

"சவுக்காலே தோலை உரிச்சுடுவேன்!"

சடையன் ஓரடி முன்னால் வந்தான்.

"உரிங்க எசமான். அதுக்கும் நீங்க இறங்கித்தான் ஆகணும்."