பார்த்ததெல்லாம் முதுகு

சிறுமலை அடிவாரத்து மடத்தை நடத்துகிற அவள் அங்கே எல்லோருக்கும் அம்மா. வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடர் அழகுமலைக்கோ அறுபது. நூல் மில்லில் உழைத்து ஓய்ந்து, பெண்டாட்டியும் போன பிறகு அங்கே வந்து ஒதுங்கியவர். அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். முறை தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் கேட்டதில்லை.

அன்று காலையில் அழகுமலை முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பேரன் பிறந்த வீட்டு ஆள் இருக்கிற லட்சணமா அது?

"என்னண்ணே, பேர் வைக்க ஊருக்குப் போகலையா?"

"நாளைக்குத்தாம்மா. நான் போய்த்தான் பிள்ளை காதுல சொல்லணுமாம். எங்க தாத்தா பேரைத்தான் வைக்கணும்னு மகன் ஒத்தக்கால்ல நிக்கிறான். உங்களை வளர்த்தவரு அவருதானேங்கிறான்."

"நியாயந்தானே."

"எனக்கு வாய் வரமாட்டேங்குதும்மா."

அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் வீங்கி, பச்சிலைக் கட்டு போட்டிருந்தது.

"அப்படி என்ன பண்ணினாரு அவரு?"

"ஒண்ணும் பண்ணலை. அதாம்மா குறை."

அழகுமலைக்கு விவரம் தெரியும் முன்பே அப்பனும் ஆத்தாளும் காய்ச்சலில் போய்விட்டார்கள். தாத்தா திண்டுக்கல்லில் கைவண்டி இழுத்தார். ரயிலடியில் மூட்டை ஏற்றி வெங்காயப் பேட்டைக்குக் கொண்டுபோவது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பேரனையும் பின்பக்கத்து மூட்டைமேல் உட்கார வைத்துக்கொண்டு இழுப்பார்.

சொல்லச் சொல்ல அழகுமலைக்கு அந்த வாசமே வந்துவிட்டது. வெயிலில் காய்ந்த சாக்கும் வெங்காயச் சருகும் கலந்த வாசம். சக்கரம் கிறீச்சென்று அழும். தாத்தா தலையில் சிவப்புத் துண்டு. முதுகில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருக்கும். டீக்கடையில் நிறுத்தினால் பொறையை டீயில் நனைத்துத் தோளுக்குமேல் பின்னால் நீட்டுவார். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. அப்போதும் அவர் முகம் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

"நான் பார்த்ததெல்லாம் முதுகும்மா. மத்த நாள்ல ராத்திரி அவரு வீட்டுக்கு வர்றப்போ நான் தூங்கியிருப்பேன். வண்டிக் கம்பை ஆசையாத் தொட்டாக்கூட பள்ளிக்கூடத்துக்குப் போடான்னு விரட்டுவாரு. என்னைக் கூட்டிட்டுப் போற அன்னைக்கெல்லாம் லேட்டு. கடை முதலாளி வண்டி வண்டியாத் திட்டுவாரு. தாத்தா வாயைத் திறக்க மாட்டாரு. மூட்டையோட மூட்டையா நானும் ஒரு பாரம்னு நெனைச்சிருப்பாரு."

அழகுமலை மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஒரு தடவை திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சிருந்தா, இன்னைக்கே ஓடிப்போய் அந்தப் பேரைச் சொல்லிட்டு வந்திருப்பேம்மா."

அம்மா கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டாள்.

"கட்டு மாத்தணும்ணே. வைத்தியர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இருங்க, ஆட்டோ கூப்பிடறேன்."

"விறகு வண்டி சும்மாத்தானே நிக்குது."

மடத்து விறகு வண்டியும் ரெண்டு சக்கரக் கைவண்டிதான். அதை எப்போதும் இளவட்டங்கள்தான் இழுப்பார்கள். அழகுமலை தொட்டதில்லை. அம்மா சாக்கை மடித்துப் போட்டு, பின்கோடியில் போய் உட்கார்ந்தாள். கம்பு வெடுக்கென்று மேலே எழும்பியது. அழகுமலை பாய்ந்து பிடித்து வயிற்றோடு அமுக்கிக்கொண்டார்.

ரோடா அது? மழை அரித்துக் கல்லும் குழியுமாகக் கிடந்தது. ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்து ஒதுக்கினார். பெரிய பள்ளம் வந்தால் வயல் ஓரமாகச் சுற்றினார். இறக்கத்தில் நெஞ்சைக் கொடுத்து வண்டியைத் தடுத்தார். வேர்வை கண்ணில் இறங்கியது.

"அம்மா, ரொம்ப ஆட்டுதா?"

"இல்லைண்ணே."

பாதி வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரர் ரெண்டு டம்ளர் சுக்குக் காபி கொண்டுவந்தார். அழகுமலை ஒரு கையால் கம்பை அமுக்கிக்கொண்டு, மறு கையால் ஒரு டம்ளரை வாங்கித் தோளுக்குமேல் பின்னால் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். பிறகு தன்னுடையதை வாங்கி அப்படியே நின்றபடி குடித்துவிட்டு மறுபடி இழுத்தார்.

வைத்தியர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எப்போதும் மூக்குமேல் கோபம்.

"எப்ப வரச் சொன்னா எப்ப வர்றீங்க? நொண்டிக்கிட்டு நடந்து வந்திருந்தாக்கூட இதுக்குள்ள வந்திருக்கலாமேய்யா."

அழகுமலை மூச்சு வாங்கியபடி கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வைத்தியர் முணுமுணுத்துக்கொண்டே மருந்து எடுக்க உள்ளே போனார்.

"திட்டு வாங்கிட்டு நிக்கிறீங்களேண்ணே. விறுவிறுன்னு இழுத்திருக்கலாம்ல?"

"வண்டியில நீங்கல்லம்மா இருக்கீங்க. குழியில விட்டா கால் என்னத்துக்கு ஆகும்?"

"சரி. இவ்வளவு தூரம் வந்தோம். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தீங்களா?"

"எப்படிம்மா பார்க்கிறது? கண்ணை ரோட்டுலேர்ந்து எடுக்க முடியுமா? கம்பு நழுவினா வண்டி பின்னால சாஞ்சிரும். மேல இருக்கிற..."



அழகுமலை தன் கையைப் பார்த்தார். அது இன்னும் கம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அறுபது வயது மனுஷன் நடுத்தெருவில் நின்று, கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல், ஏங்கி ஏங்கி அழுதார். அம்மா இறங்கவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா பேரு என்னண்ணே?"

"வீரணன்."

அழுகையோடு சேர்ந்து வந்ததால் அது கத்தியதுபோல் இருந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"மெதுவாச் சொல்லுங்கண்ணே," என்றாள் அம்மா. "பச்சைப்பிள்ளை காது."