அளவுக் குச்சி

வால்பாறையில் பரிதாவின் கார் பட்டறை வாசலில் அன்று காலை ஒரே அமர்க்களம். கபடிச் சட்டையோடு குதித்துக்கொண்டிருந்தாள் ஸ்டெல்லா. மதியம் பொள்ளாச்சியில் இறுதிப் போட்டி. "எங்கப்பா கார்லதான் வருவேன்" என்று அடம்பிடித்து, பள்ளிக்கூட வேனை அனுப்பியே விட்டாள்.

நல்ல அப்பாவை நம்பினாள்! லாரி ஓட்டியே காலம் கழித்த மரியசூசை, மலைப்பாதையில் ஒருமுறை கவிழ்ந்து இடதுகால் முடங்கியதிலிருந்து அந்தப் பாதைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கிளட்ச் தொல்லை இல்லையே என்று பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கி, பரிதாவிடம் பாடம் கேட்டார். மைதானத்தில் ஜோராகத்தான் ஓட்டினார். அவளுக்கு அவர் வயதில் பாதி. ஆனாலும் வாய் நிறைய 'குருவே' என்பார்.

நேற்றுத்தான் பரிதா கியர்பாக்ஸில் பழைய எண்ணெயை மாற்றி சிந்தெடிக் எண்ணெய் ஊற்றியிருந்தாள். எண்ணெய் மட்டம் காட்டும் அளவுக் குச்சியை மரியசூசை உருவிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"குருவே! கோட்டுக்கு மேல நிக்குது. கொஞ்சம் இறக்கிடட்டுமா?"

"ஐயோ, கைவைக்காதீங்க! இஞ்சினை நிறுத்திட்டா பார்த்தீங்க?"

"பின்னே? லாரியில அப்படித்தானே பார்ப்போம்!"

"அது இஞ்சின் ஆயில் அண்ணே. இது வேற."

பரிதா காரை எடுத்துக்கொண்டு போய், எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை ஊரைச் சுற்றிவிட்டு வந்தாள். சமதரையில் நிறுத்தி அவரை உள்ளே உட்காரவைத்தாள். அவர் பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டு, மறுபடி பார்க்கிங்குக்கு வந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் குச்சியை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துக் காட்டினாள்.

எண்ணெய் கோட்டில் கச்சிதமாக நின்றது.

"அடி சக்கை! மிச்சம் எங்கம்மா போச்சு?"

"வேலைக்குப் போயிருக்கு. இஞ்சின் ஓடினாத்தான் எண்ணெய் கியர்பாக்ஸ் முழுக்கப் பரவும். நின்ன வண்டியில பார்த்தா எப்பவும் அதிகமாத்தான் காட்டும்."

"அப்பா, நேரமாச்சு!" ஸ்டெல்லா முன்சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

மரியசூசைக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே மலைப்பாதை. கண்ணாடியை இறக்கிப் பரிதாவிடம் கிசுகிசுத்தார்.

"குருவே, நீயே ஓட்டிட்டுப் போயிடும்மா. நெஞ்சு முட்டப் பயம்தான் இருக்கு."

பரிதா பானட்டைச் சாத்தினாள்.

"வண்டி இன்னும் நின்னுக்கிட்டுத்தானே அண்ணே இருக்கு? அதுக்குள்ள பயத்தை அளந்து பார்த்தா எப்படி?"