செவலை முட்டையிட்ட இடம்

ஆவுடையம்மாளுக்கு மடத்தில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அந்தக் குறைக்குச் செண்பகம் என்று பெயர்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையடிவாரத்தில் மூன்று ஓட்டுக்கட்டு அறைகள், ஒரு கிணறு, ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். அங்கே குருவாக இருந்த அம்மைக்கு நாற்பத்தொரு வயது. முதல் சீடரான ஆவுடைக்கு ஐம்பத்தெட்டு. மூத்தவள் இளையவரை 'அம்மை' என்றாள். இளையவர் மூத்தவளை 'அக்கா' என்றார். பதினோரு வருஷமாக இதில் யாருக்கும் ஒரு சிக்கலும் வந்ததில்லை.

மடத்தில் கோழிகளும் இருந்தன. கோயில் கொடை விழாவுக்கு நேர்ந்துவிட்டு, பிறகு வெட்ட மனசு வராதவர்கள் கொண்டுவந்து விட்டுப்போனவை. மடத்தில் முட்டை சாப்பிடுவதில்லை. ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதோ அந்த வீட்டுக்குப் போகும்.

கோழிகள் ஆவுடையின் பொறுப்பு. நான்கு ஓலைப்பெட்டிகளில் வைக்கோலைப் பரப்பி, முட்டையிட என்று ஓட்டு இறவாரத்துக்கு அடியில் வைத்திருந்தாள். எத்தனை முட்டை கிடந்தாலும் பெட்டிக்கு ஒன்றை எடுக்காமல் விட்டுவைப்பாள். ஒன்று கிடந்தால்தான் கோழி மறுநாளும் அங்கேயே வந்து இடும். மடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் ஆவுடை முதலில் சொல்லிக்கொடுப்பது தியானம் அல்ல, இதைத்தான்.

செண்பகம் வந்த அன்றைக்கு அவளுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

செண்பகம் தையல்காரி. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள், பிறகு தையல் மிஷினை வரவழைத்துவிட்டாள். அப்போதும் ஆவுடைக்கு ஒன்றும் தோன்றவில்லை. வண்டியிலிருந்து மிஷினை இறக்க ஒரு கை கொடுத்ததே அவள்தான்.

மூன்றாவது வாரம் கிணற்றடியில் செண்பகம் ஏதோ சொன்னாள். அம்மை சிரித்தார். சும்மா சிரிப்பு இல்லை. கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஆவுடை சுக்குக் காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா அவ?"

"ஒண்ணுமில்லக்கா. ஏதோ ஜாக்கெட் கதை."

பதினோரு வருஷத்தில் ஆவுடை சொன்ன எதற்கும் அம்மை அப்படிச் சிரித்ததில்லை. ஜாக்கெட் கதையெல்லாம் அவளுக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கீழத்தெருவில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. ஆவுடை வயலுக்குப் போய்த் திரும்புவதற்குள் செண்பகம் ஏழு முட்டையைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"நல்ல காரியம் செஞ்சே" என்றார் அம்மை.

அந்த மூன்று வார்த்தையை ஆவுடை இரண்டு நாள் மென்றாள். மூன்றாம் நாளிலிருந்து பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கோழி எழுந்ததும் சூடு ஆறுவதற்குள் முட்டையை எடுத்தாள். செண்பகத்தின் கைக்கு ஒன்றும் சிக்கிவிடக் கூடாது என்று, பெட்டிக்கு ஒன்று விட்டுவைத்திருந்ததையும் சேர்த்து எடுத்தாள்.

தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். முன்பெல்லாம் மடத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு குடம் இறைத்துத் தொட்டியில் ஊற்றுவார்கள். தொட்டி நிறைய இருபத்திரண்டு குடம் வேண்டும். இப்போது இருபத்திரண்டையும் ஆவுடையே ஊற்றினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. செண்பகம் குடத்தோடு வருவாள், தளும்பி நிற்கிற தொட்டியைப் பார்ப்பாள், வெறுங்குடத்தோடு திரும்பிப் போவாள். அதைப் பார்த்த நாளெல்லாம் ஆவுடைக்குச் சாப்பாடு ருசித்தது.

சித்திரை பிறந்ததும் கோழிகள் வேறு இடம் தேட ஆரம்பித்தன. ஒன்று வைக்கோல் போரில் இட்டது. ஒன்று வேலிக்கடியில் இட்டது. சிவப்புக் கோழியான செவலை மட்டும் நேராகச் செண்பகத்தின் அறைக்குப் போனது.

செவலை மற்ற கோழிகளைப் போல இல்லை. அதன் தாயை நாய் தூக்கிப்போன பிறகு ஆவுடை மடியில் கட்டி வளர்த்த குஞ்சு அது. அவள் குரல் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவரும். அவள் உட்கார்ந்தால் தோளில் ஏறும்.

"அக்கா, உங்க செவலை எனக்கு வாடகை குடுத்துட்டுப் போகுது" என்று செண்பகம் முட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆவுடை முட்டையை வாங்கிக்கொண்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் அம்மையை எடுத்துக்கொண்டாள், இப்போது கோழியையும் எடுத்துக்கொண்டாள், இனி எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். அரிசியைப் போட்டு மயக்கியிருப்பாள் என்றும் நினைத்தாள்.

அன்று சாயங்காலம் அம்மையிடம் போனாள்.

"அம்மை, ஒரு சந்தேகம்."

"கேளுங்கக்கா."

"கோழியத் திறந்து விடுதது நல்லதா, அடைச்சு வைக்கது நல்லதா?"

"நீங்க என்ன நினைக்கீய?"

"அடைக்கணும். கீரி வரும், பருந்து வரும்."

"இதுவரைக்கும் எத்தனை கீரி வந்துச்சு?"

"இன்னும் வரல."

"சரி, அடைங்க" என்றார் அம்மை.

ஆவுடை மறுநாளே மூங்கில் தட்டி வைத்து, மேலே வலையைக் கட்டி, பதினான்கு கோழிகளையும் உள்ளே விட்டாள். வேலை மும்முரத்தில் அவளுக்குக் கொஞ்ச நாள் நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. அம்மையின் அறை வாசலில் முறத்தோடு உட்கார்ந்துகொண்டாள். செண்பகம் வந்தால், "அம்மை கண்ணசந்திருக்காங்க, பொறவு வா" என்றாள். உள்ளே அம்மை பருத்தியில் கொட்டை நீக்கிக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டும் இருப்பார். கை மட்டும் நிற்காது.

அடைப்புக்குள் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. பத்து நாளில் செவலையின் கழுத்து இறகில்லாமல் சிவந்துபோயிற்று. பெட்டிகளை உள்ளேயே வைத்தும், எட்டு முட்டை கிடைத்த இடத்தில் இரண்டு கிடைத்தன.

ஒரு காலையில் ஆவுடை செவலையைப் பிடித்து, முட்டை இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். முட்டை இருந்தது. மற்றக் கோழிகள் கொத்தாமல் இருக்கட்டும் என்று தனியாகப் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்தாள். முட்டை இருக்கிற கோழியை அது இடும்வரை அந்த மூங்கில் கூடைக்குள் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். இரண்டு மணி நேரம் போனால் இட்டுவிடும்.

செவலை மத்தியானம்வரை இடவில்லை. சாயங்காலமும் இடவில்லை. மறுநாள் காலையில் பார்த்தபோது இறகைச் சிலுப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, ஓர் ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது. தானியத்தைத் தொடவில்லை. அவள் குரலுக்கும் அசையவில்லை.

முட்டை உள்ளேயே நின்றுவிட்டால் கோழி செத்துப்போகும். ஆவுடைக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் பயந்துபோனாள். பயம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது. அறைக்குள் போய் இரண்டு சேலையை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு அம்மையின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் போறேன் அம்மை."

"எங்க?"

"எங்கயோ. இல்ல, அவ போகணும். ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரியணும்."

அம்மை பஞ்சைக் கீழே வைத்தார்.

"நான் பதினோரு வருசம். அவ நாலு மாசம். வாயத் திறந்து சொல்லுங்க. உங்களுக்கு யாரு மேல பிரியம்?"

கேட்டுவிட்டாள். இத்தனை நாள் தொண்டையில் நின்றது அதுதான். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது, ஆனாலும் பதிலுக்காக நின்றாள்.

"செவலை எங்க?" என்று கேட்டார் அம்மை.

"பஞ்சாரத்துல கிடக்கு. நேத்துலேருந்து முட்டையிடல. செத்துரும் போல."

அம்மை எழுந்து வெளியே நடந்தார். ஆவுடை மூட்டையோடு பின்னால் போனாள்.

"பஞ்சாரத்தத் தூக்குங்கக்கா."

"தூக்கினா அவகிட்ட ஓடிரும்."

"கிடந்தா செத்துரும்."

ஆவுடையின் கை பஞ்சாரத்தின் மேலேயே இருந்தது. அழுத்திப் பிடித்திருந்தாளா, தூக்கப் போனாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. பிறகு தூக்கினாள்.

செவலை இரண்டடி தள்ளாடி நடந்தது. நின்றது. ஆவுடையைப் பார்த்தது. அவளுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அப்புறம் செவலை கழுத்தை நீட்டிக்கொண்டு செண்பகத்தின் அறைக்கு ஓடியது.

"பாத்தியளா" என்றாள் ஆவுடை.

"போய்ப் பாப்போம், வாங்க."

செண்பகம் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். மிஷினுக்கடியில் வெட்டுத்துணி போடுகிற ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. செவலை அதற்குள் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, துணிகளைக் காலால் சீய்த்து உட்கார்ந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே அடைப்புக்குள் மற்றக் கோழிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

வெகுநேரம் கழித்துச் செவலை எழுந்து நின்று கொக்கரித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஆவுடைக்கு உயிர் வந்தது. உடனே கோபமும் வந்தது.

"ஏளா, என்னத்தப் போட்டு வளைச்சே அத? அரிசியா, கம்பா? மறைக்காம சொல்லு."

"நான் ஒண்ணும் போடலக்கா."

"சும்மாவா இங்க ஓடி வருது? என் மடியில வளந்ததுளா அது."

செண்பகம் குனிந்து பெட்டியை வெளியே இழுத்தாள். உள்ளே இரண்டு முட்டைகள் இருந்தன. ஒன்று ஈரம் காயாதது. இன்னொன்று பழையது, வெளுத்துப்போய், ஒரு சிவப்புத் துணித்துண்டின் மேல் கிடந்தது.

"நீங்கதானக்கா சொன்னிய, ஒண்ண எடுக்காம வைக்கணும்னு. நான் வந்த அன்னைக்கே சொல்லிக் குடுத்திய. மொதல் தடவை இங்க இட்டப்போ உங்ககிட்டக் கொண்டாந்து குடுத்தேன். ரெண்டாவதா இட்டதுதான் இது. அதுக்குப் பொறவு இட்டதையெல்லாம் உங்ககிட்டத்தானே குடுத்தேன்."

ஆவுடை அந்தப் பழைய முட்டையைப் பார்த்தாள். அதில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தது. தவறுதலாக எடுத்துவிடாமல் இருக்க அப்படிக் கோடு போட வேண்டும் என்பதையும் அவளேதான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

திரும்பி வெளியே போனாள். அடைப்பின் தட்டியை விலக்கித் தன்னுடைய நான்கு பெட்டிகளையும் பார்த்தாள். நான்கிலும் வைக்கோல்தான் இருந்தது. விலக்கின தட்டியை மூட மறந்துவிட்டாள். கோழிகள் அவள் காலைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே போயின.

அம்மை வந்து பக்கத்தில் நின்றார்.

ஆவுடையின் கையில் மூட்டை இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மை."

"சொல்லுங்கக்கா."

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல."

அம்மை காலடியில் வந்த ஒரு கோழிக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

"அது கிடக்கட்டும். இத மட்டும் சொல்லுங்க. கோழிய இனி அடைக்கவா, விடவா? நான் இருக்கவா, போகவா?"

அம்மை கிணற்றடிப் பக்கம் பார்த்தார். காலையில் ஆவுடை நிரப்பிய தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் செண்பகத்தின் குடம் காய்ந்து, கவிழ்ந்து கிடந்தது.

"தொட்டி நிறைய எத்தனை குடம் வேணும்?" என்று கேட்டார்.

"இருபத்திரெண்டு."

"நாளைக்கு இருபத்தொண்ணு ஊத்துங்கக்கா."