பத்தாண்டு முன் அனுபவம்

வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, தினம் ஒரு முறையாவது தடுக்கி விழுகிற ராஜா ஒருவர் இருந்தார். பெயர் இளங்கொற்றன். உட்கார்ந்தபடியே வானத்தைப் பார்த்தால் விழ வேண்டாமே என்று, மலை உச்சியில் விண்கழகம் ஒன்றைக் கட்டினார். நூற்றெட்டுப் படி. ஏறுகிறவர்களின் முழங்கால் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்தக் கழகத்துக்குக் கப்பலில் ஒரு தொலைநோக்கி வந்தது. அதை வைத்து ஆராய ஓர் ஆள் தேவைப்பட்டது. கழகத் தலைவர் குணபத்திரர் ஓலை எழுதி, அரச முத்திரையும் வாங்கிவிட்டார். 'பத்தாண்டு விண்கழக முன் அனுபவம் உள்ளவருக்கே வேலை' என்றது ஓலை. உள்ளே சேர வேண்டுமானால் ஏற்கெனவே பத்தாண்டு உள்ளே இருந்திருக்க வேண்டுமாம்.

அப்படி ஒருவர் இருந்தார். தலைவரின் மைத்துனர் நாகதேவர். பத்தாண்டு அனுபவம் என்று தலைவரே நற்சான்று எழுதிக் கொடுத்திருந்தார். மைத்துனர் தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நிலா கடுகளவு சுருங்கிவிட்டது என்று அறிக்கையும் எழுதிவிட்டார். ராஜா மூன்று நாள் சாப்பிடவில்லை.

பரவை என்று ஒரு பெண். கிரகணத்தை நாழிகை பிசகாமல் கணக்கிடுவாள். ஒவ்வொரு வேலைக்கும் விண்ணப்பித்து, ஒவ்வொரு முறையும் 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்ற பதிலோடு திரும்பியவள். முப்பத்தைந்து வயது முடிந்தால் கழகத்தில் விண்ணப்ப ஓலையே வாங்கமாட்டார்கள். அவளுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. நேரே சபைக்கு வந்து முறையிட்டாள்.

ராஜா கையைப் பிசைந்தார். முத்திரை வைத்த ஓலையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றார். பிறகு, சபையில் ஓலை வாசிக்கும் விடங்கன் பக்கம் திரும்பினார்.

"எழுத்தை மாற்றாமல் வழி சொல். இல்லாவிட்டால் நாளை முதல் தொலைநோக்கியை நீதான் தினமும் படியேற்றி இறக்க வேண்டும்."

விடங்கனுக்கும் முழங்கால் வலி உண்டு. உடனே கழகத்தின் வாயில்காவலனை வரவழைத்தான். இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று கேட்டான். தெரியாமல் என்ன, பத்து வருஷமாக வாசலுக்கு முன்னால் ஓலைக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறதே, மழைக்கு என் குடையைத்தானே வாங்கிக்கொள்ளும் என்றான் அவன். மைத்துனரையோ அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

சபையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த குணபத்திரர் மைத்துனரின் காலை மிதிப்பதற்குள் மைத்துனர் பேசிவிட்டார்.

"இவன் எப்படிப் பார்ப்பான்? அக்கா வீடு கழகத்துக்குப் பின்னால்தானே. சாப்பிட்டுவிட்டு அப்படியே பின்வாசல் வழியாக வந்துவிடுவேன். பத்து வருஷமாக அதுதான் வழக்கம்."

விடங்கன் ஓலையை விரித்து நிறுத்தி நிதானமாக வாசித்தான்.

"அரசே, ஓலை கேட்பது பத்தாண்டு விண்கழக முன் அனுபவம். அது பரவைக்குத்தான் இருக்கிறது. இவருக்கு இருப்பதெல்லாம் பின் அனுபவம்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. பரவைக்கு வேலை கொடுத்தார். விடங்கனுக்கு ஒரு பல்லக்கு கொடுத்தார். குணபத்திரர் எழுந்து, எனக்கு என்ன உத்தரவு என்று கேட்டார்.

"பின்னர் தெரிவிக்கப்படும்" என்றார் ராஜா.

அன்றே பின்வாசலை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். மறுநாள் கழகத்துக்கு வேலைக்கு வந்தவள் பரவை ஒருத்திதான்.