சொல்லிட்டுப் போகட்டும்

"என் பிள்ளையக் கட்டிப்போட்டு வெச்சிருக்கீங்க, டீச்சர்" என்றார் செண்பகராமன்.

பிள்ளை என்று அவர் சொன்னது, எட்டு மாதம் பாடுபட்டு உருவாக்கிய ஏஐ ஏஜெண்டை.

அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்கள் தங்கும் இல்லம் அது. மனுக்களைப் படிப்பது, அடுக்குவது, வக்கீலுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அந்தப் பிள்ளைதான். ஒன்றுக்கு மட்டும் அனுமதி இல்லை. எந்தக் கோப்பையும் கேட்காமல் இல்லத்துக்கு வெளியே உள்ள கிளவுடில் ஏற்றக் கூடாது.

அந்தக் கட்டைப் போட்ட ஜெபமணி டீச்சர் செண்பகராமனைவிடப் பத்து வயது இளையவர். அவருக்கு இந்தக் கணினி வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் டீச்சர்தான்.

"வெள்ளிக்கிழமை சென்னையிலேருந்து அதிகாரி பாக்க வாராரு. மத்த இல்லத்துலெல்லாம் தானா ஏறுதாம். நம்ம ஆளு மட்டும் வாசல்ல கையக் கட்டிக்கிட்டு, 'அனுப்பட்டா, அனுப்பட்டா'ன்னு நின்னா என் மானம் என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப திறந்து விட்டுருங்க, அண்ணாச்சி."

சண்டைக்குத் தயாராக வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஒத்திகை மட்டும். நெசமா எதுவும் வெளிய போகக் கூடாது. ஆனா ஒவ்வொரு கோப்பும் கிளம்புறப்ப உங்ககிட்ட சொல்லிட்டுக் கிளம்பட்டும். நம்ம வீட்டுல யாரு சொல்லாமப் போறா?"

"இதென்ன பிரமாதம்!"

பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தார். திரையில் வரிகள் வந்தன.

'அரிசிப் பட்டியல். போயிட்டு வாரேன்.'

'தையல் வகுப்பு நேரம். போயிட்டு வாரேன்.'

செண்பகராமன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "போயிட்டு வா, ராசா!"

'ஏழாம் அறை, கனகமணி. தங்கியிருக்கும் முகவரி. மகள் படிக்கும் பள்ளி. போயிட்டு வாரேன்.'

சிரிப்பு பாதியில் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே கனகமணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வந்து பதினாலு மாதம். ஒரு நாள்கூட இல்லத்து வாசலில் நின்று யாரிடமும் அவள் 'போயிட்டு வாரேன்' சொன்னதில்லை. வெளியே ஒருவன் தேடிக்கொண்டிருக்கிறான்.

"டீச்சர்... இது போனா, திரும்பி வருமா?"

டீச்சர் டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

டீயில் ஏடு படிந்தது. செண்பகராமன் நாற்காலியை விட்டு எழாமல் மறுபடி எழுதத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார்.

"அருமை. கோப்பெல்லாம் தானா ஏறிடும்ல?"

"ஏறாது சார்." செண்பகராமனின் கழுத்து நிமிர்ந்தது. "கேட்டுட்டுத்தான் ஏத்தும்."

"யாரை, உங்களையா?"

"நான் யாரு சார் அதுக்கு?"

எழுந்து, திரையை அதிகாரியின் கண்ணில் படாதபடி திருப்பி வைத்தார். வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "தாயி, இங்க வந்து உக்காரு."

கனகமணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

'இது உங்கள் கோப்பு. வெளியே அனுப்பட்டுமா?'

செண்பகராமன் பின்னால் நின்றார், மகன் மேடையேறுவதைப் பார்க்கும் தகப்பனைப் போல. டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'வேண்டாம்' என்பதை அழுத்தினாள் கனகமணி.

'சரிங்க. போகல.'